நவம்பர் 1: பேத்தியின் மூன்று நிமிடப் பேச்சுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி மழை விட்டபாடில்லை. ரப்பர் பால்வெட்டு நின்றுபோய்க் கிடக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை.

உன் மகள் குட்டி, கர்நாடகம் பிறந்த நாளைக் கொண்டாடுகிற ராஜ்யோத்சவ விழாவில் ‘இந்த நாளில்’ என்று மூன்று நிமிடம் பேச வேண்டும், தாத்தாதான் எழுதித் தரணும் என்று போனில் சொன்னாய். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தாய். படித்தேன். 1512-ல் ரோமில் மைக்கேலாஞ்சலோவின் மேற்கூரை ஓவியத்தை மக்கள் முதலில் பார்த்தார்கள், 1952-ல் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தது, 1993-ல் ஐரோப்பிய ஒன்றியம் வந்தது. எல்லாம் நவம்பர் 1. சரிதான். ஆனால் இதை அப்படியே ஒப்பித்தால் கேட்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் நிற்காது. தேதியைத் தவிர இவற்றுக்குள் என்ன சொந்தம்?

அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1755-ல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் வந்த நிலநடுக்கம். அன்று சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்குக் கோயில்கள் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி ஆடியது. பீடங்களில் ஏற்றி வைத்த மெழுகுதிரிகள் சாய்ந்து தீப்பிடித்தது, தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் ஏறி வந்து கொண்டுபோனது. குளச்சல் கடற்கரையில் 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அதே திருநாளுக்கு மறுநாள்தான் நம்மூரில் கல்லறைத் திருநாள். பக்கத்து வீட்டு மேரி அக்கா இப்போதே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மக்களே, நம் குடும்பத்துப் பிள்ளை நவம்பர் 1 பற்றிப் பேசினால் 1956-ஐத்தான் பேச வேண்டும். கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் நமக்கும் அன்றைக்குத்தான் எல்லை விழுந்தது. குட்டி படிப்பது பெங்களூரில், அவளுடைய அப்பா வீடு கேரளத்துப் பாறசாலை, அம்மா வீடு எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். மூன்று பேருக்கும் அது ஒரே நாள், ஒரே சட்டம். மாநிலங்கள் சீரமைப்புச் சட்டம், 1956-ஆம் வருடத்து 37-ஆம் எண். குடியரசுத் தலைவர் கையெழுத்து ஆகஸ்ட் 31-ல், நடைமுறைக்கு வந்தது நவம்பர் 1-ல்.

காலமெல்லாம் பத்திரம் எழுதிப் பிழைத்தவனுக்கு அதைப் படித்தால் ஒன்றுதான் தோன்றும். அது ஒரு பெரிய பாகப்பிரிவினைப் பத்திரம். என்னிடம் வந்த குடும்பங்களில் பாகம் பிரித்து எல்லாரும் சிரித்த முகத்தோடு எழுந்துபோன வீடு ஒன்றுகூட நினைவில்லை. கிணறு ஒருவன் பங்கில் விழும், கிணற்றுக்குப் போகிற வழி இன்னொருவன் பங்கில் விழும். பாம்புக்கு விட்ட சர்ப்பக்காவு யாருக்கு என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேச்சு ஓடும். 1956-லும் அதேதான் நடந்தது.

நமக்குக் கிடைத்தது என்ன? திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகா. அதுதான் கன்னியாகுமரி மாவட்டம். செங்கோட்டைத் தாலுகாவைக் குறுக்கே வெட்டிக் கிழக்குப் பக்கத்தைத் திருநெல்வேலியோடு சேர்த்தார்கள், ஆரியங்காவு மலைப்பக்கம் கேரளத்தோடு நின்றது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். பேச்சிப்பாறை அணையை 1906-ல் மகாராஜா காலத்திலேயே கட்டி வயலுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். சோறு போடுகிற மண்ணை யார்தான் லேசில் விடுவார்கள்? திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அன்று வலித்ததில் நியாயம் உண்டு. இதை நான் சம்பந்தியம்மாவிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், அவர்களும் சிரித்துக்கொண்டார்கள்.

கிடைக்காதது தேவிகுளம், பீர்மேடு என்ற மலைத் தாலுகாக்கள், அவை கேரளத்தோடு நின்றுவிட்டன. இதைக் குட்டிக்குக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிக்கொடு, இதில்தான் விஷயமே இருக்கிறது. நம் பக்கத்துப் போராட்டத்தை நடத்தியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். முன்னால் நின்றவர் நாகர்கோவில் வக்கீல் நேசமணி. மார்ஷல் நேசமணி என்று சிலையில் எழுதியிருக்குமே, அவர்தான். 1954-ல் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் மேல் போலீஸ் கெடுபிடி கூடியது. அதைக் கேட்கத்தான் நேசமணி அந்த ஜூலையில் மலைக்கு ஏறினார், தடையை மீறிக் கைதானார். அவர்களுக்காக இங்கே தெற்கே கடையடைப்பும் ஊர்வலமுமாக நாள் நகர்ந்தது. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. கடைசியில் சுடப்பட்ட ஊர்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. எந்த மலைக்காக ஊர்வலம் கிளம்பியதோ அது வரவில்லை. மாநிலங்களைப் பிரிப்பது பற்றி ஆராயப் பசல் அலி தலைமையில் போட்ட மூன்று பேர் ஆணையம், 1955-ல் அறிக்கை கொடுத்தபோது தெற்கே நான்கையும் செங்கோட்டையையும் தரலாம் என்றது, தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தரச் சொல்லவில்லை. ‘மேடாவது குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கு’ என்று காமராஜர் சொன்னதாக இங்கே இன்றும் பேசுவார்கள். அவர் சொன்னாரோ இல்லையோ, முல்லைப் பெரியாறு அணை நிற்கிற பீர்மேடு அந்தப் பங்கில் போய்விட்டது, தண்ணீர் குடிக்கிற தேனியும் மதுரையும் இந்தப் பங்கில். நான் சொன்ன கிணறும் வழியும் இதுதான்.

துப்பாக்கிச் சூடு நடந்தபோது திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் நைனி சிறையில் இருந்தார். சுதந்திர நாட்டில் மக்களைச் சுட்ட அரசு நாற்காலியில் இருக்கக் கூடாது, ராஜினாமா செய்யுங்கள் என்று தன் கட்சி முதலமைச்சருக்கே சிறையிலிருந்து சொல்லி அனுப்பினார். தாணுப்பிள்ளை கேட்கவில்லை. கட்சி இரண்டுபட்டது. மார்த்தாண்டம் சந்தையோடு எந்தச் சொந்தமும் இல்லாத ஒரு வடநாட்டுக்காரர் இதற்காகத் தன் கட்சியையே பகைத்துக்கொண்டார். நம்மூர் மேடைகளில் இந்தப் பெயர் அதிகம் வருவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். குட்டியின் பேச்சில் ஒரு வரியாவது வரட்டும்.

ஒரு இடத்தில் அவள் சறுக்கக் கூடாது. ‘1956-ல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். அன்றைக்குத் தமிழ்நாடு என்ற பெயரில் மாநிலமே இல்லை, இணைந்தது சென்னை மாநிலத்தோடு. அந்தப் பெயருக்காக விருதுநகரில் சங்கரலிங்கனார் என்ற முதியவர் ஜூலை 27-ல் உண்ணாவிரதம் உட்கார்ந்து அக்டோபர் 13-ல் உயிரை விட்டார். அதாவது நாம் வந்து சேர்வதற்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது. 1967 ஜூலை 18-ல் அண்ணா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, 1969 ஜனவரி 14-ல்தான் பெயர் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஊரும் அப்படித்தானே? 1956-ல் அது மைசூர் மாநிலம், கர்நாடகம் ஆனது 1973 நவம்பர் 1. கேரளம் மட்டும்தான் பிறந்த அன்றே பெயரோடு பிறந்தது. மலபாரும் காசர்கோடும் அன்று சென்னை மாநிலத்திலிருந்து கழன்று அங்கே சேர்ந்தன என்பதையும் சொல். நமக்கு வந்ததை மட்டும் பேசிவிட்டு, போனதை விழுங்கக் கூடாது.

ஆந்திரமும் அன்றுதான் தெலங்கானாவோடு சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது. அதற்கு முன்னால் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு பட்டினி கிடந்து 1952 டிசம்பர் 15-ல் செத்த கதை இருக்கிறது, தனி ஆந்திரம் 1953 அக்டோபர் 1-ல் வந்தது. வடக்கெல்லையில் திருத்தணி நமக்குத் திரும்பியது 1960 ஏப்ரல் 1, அது இந்தத் தேதிக்குள் வராது, விட்டுவிடு. மத்தியப் பிரதேசம், 1966-ல் ஹரியானா, 2000-ல் சத்தீஸ்கர் எல்லாம் நவம்பர் 1 என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போகலாம். புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர்கள் கைமாற்றிக் கொடுத்தது 1954-ல் இதே நாளில். கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். தியாகராஜ பாகவதர் காலமானதும் 1959-ல் இதே நாள்தான். இதைப் பேச்சில் சேர்க்க வேண்டாம், எனக்காக எழுதினேன்.

எங்கள் மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை போடுவார்கள். 2019-ல் அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்றது, 2021-ல் அதை ஜூலை 18-க்கு மாற்றிவிட்டு இதை எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு விட்டது. எனக்குக் கேட்டால் இரண்டாவதுதான் பொருத்தம். மாநிலம் முழுக்கக் கொண்டாட இதில் என்ன இருக்கிறது? திருச்சிக்காரனுக்கு அன்றைக்கு எதுவும் மாறவில்லை.

பாகம் பிரித்த பிறகும் பிரியாமல் கிடப்பவை சில உண்டு. பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும், கடைசி ஒரு நிமிடத்தை இதற்கு ஒதுக்கு. தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறதே, உன்னைச் சின்ன வயதில் கூட்டிப் போனேன், மழமழவென்ற கறுப்புத் தரையில் வழுக்கி விழுந்தாய். அது நிற்பது தமிழ்நாட்டு மண், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. உள்ளே டிக்கெட் கொடுப்பவர் கேரள அரசுச் சம்பளக்காரர், வாசலில் சாயா விற்பவர் நம் நகராட்சிக்கு வரி கட்டுகிறவர். நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். களியக்காவிளை வரைக்கும் நம் போலீஸ், அங்கே கேரளப் போலீஸ் மரியாதையோடு வரவேற்றுக்கொள்ளும். எல்லை விழுந்த பிறகும் சாமிகள் நடையை நிறுத்தவில்லை.

இன்னொன்று பத்திரக்காரன் கண்ணுக்கு மட்டும் படுவது. அரசியல் சாசனத்தில் 290-ஏ என்று ஒரு பிரிவு. கோயில்களைப் பராமரிக்கிற திருவிதாங்கூர் தேவசம் நிதிக்குக் கேரளம் வருடம் 46 லட்சத்து 50 ஆயிரம் கொடுக்க வேண்டும். 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் கொடுக்க வேண்டும். நம் தேதி சாசனத்திலேயே நாள், மாதம், வருடத்தோடு அச்சாகியிருக்கிறது. எத்தனை மாவட்டத்துக்கு இந்த யோகம்?

பிரிந்ததில் வலிக்கிறதும் உண்டு. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் நம் விளவங்கோட்டு வயலுக்கு வருகிற தண்ணீர், 2004-லிருந்து வரவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்க் கிடக்கிறது. கால்வாய் காய்ந்த பிறகு எத்தனை பேர் வயலைத் தூர்த்து ரப்பர் வைத்தார்கள் என்று என் கையால் எழுதிய பத்திரங்களே சொல்லும். குட்டியிடம் இதைச் சொல், ஆனால் மேடையில் வேண்டாம். மூன்று நிமிடத்தில் இதைச் சொன்னால் சண்டை மாதிரிக் கேட்கும்.

முடிப்பதற்கு முன் ஒரு வேலை. சம்பந்தியம்மா நவம்பர் 1 அன்று, கேரளம் பிறந்த நாளான கேரளப் பிறவிக்குக் கசவுப் புடவை கட்டிக்கொண்டு போட்டோ அனுப்புவார்கள் அல்லவா, அன்று குட்டியை அவர்களுக்குப் போன் போடச் சொல். நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் நம்மாட்கள் அன்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. பாறசாலை வீட்டில் அதைப் பற்றி அப்போது என்ன பேசிக்கொண்டார்கள், அவர்களுடைய அப்பா எந்தப் பக்கம் நின்றார், யாராவது வீட்டை விற்றுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்களா என்று கேட்கட்டும். அவர்களுடைய பழைய நிலப் பத்திரம் ஒன்று என்னிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். மலையாளத்தில் எழுதியது, கொல்லம் ஆண்டு 1132, துலாம் மாதம். கணக்குப் பார்த்தால் சரியாக இந்த நாட்களை ஒட்டி வருகிறது. அந்த வாரத்தில் நிலம் கைமாற என்ன அவசரம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. எனக்கு அது தெரிய வேண்டும்.

பேச்சை எழுதி முடித்ததும் ஒருதரம் போனில் வாசித்துக் காட்டச் சொல். மட்டிப்பழம் ஒரு குலை வெட்டி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், காலையில் யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா