காற்றுக்குக் கொடுத்த வாடகை

தூத்துக்குடி,
ஆடி மாதம், ஞாயிறு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. உடனே பதில் எழுத முடியவில்லை. இங்கே கச்சான் காற்று பிடித்து ஆட்டுகிறது, ஷெட்டில் ஆள் போதாமல் நானும் தினமும் போய் நிற்கிறேன்.

என் தங்கை மகன் செல்வின் தெர்மாகோல் உருக்கும் மெஷின் ஒன்று போட்டிருக்கிறான் என்று போன வருஷம் சொன்னேனே, அந்த ஷெட்தான். ரிட்டயர் ஆனவன் சும்மா இருப்பானேன் என்று கணக்கு எழுதப் போனேன். இப்போது கணக்கை விட அந்த வெள்ளைப் பொருள்தான் என் நாள் முழுவதையும் பிடித்துக்கொண்டது.

ஃப்ரிட்ஜ், டிவி பெட்டிகளில் வந்த தெர்மாகோல் பரணில் குவிந்து கிடக்கிறது, குப்பை வண்டியும் வாங்குவதில்லை, காயலான் கடையும் வாங்குவதில்லை, ஏன் என்று கேட்டிருந்தாய். அதற்குள் இருப்பது காற்று. கன அளவில் நூற்றுக்கு 98 பங்கு காற்று, மிச்சம்தான் பிளாஸ்டிக். பாலிஸ்டைரீன் என்ற அந்தப் பிளாஸ்டிக்கின் குருணையில், சட்டென்று ஆவியாகும் பென்டேன் திரவத்தை ஏற்றி, நீராவி காட்டினால் பொரி மாதிரி பொரிந்து நாற்பது மடங்குக்கு மேல் பெருக்கிறது. அதை அச்சில் அழுத்தினால் பெட்டி. முதல் மாதம் நாங்கள் பட்ட அடியெல்லாம் இந்தக் காற்றால்தான். மீன் கம்பெனிகள் கழித்துப் போட்ட பெட்டிகளை ஏற்றிவர குட்டியானை வண்டி பேசினோம். முக்கால் டன் ஏற்றும் வண்டி. கயிறு கட்டி, மேலே வலை போட்டு, இனி ஒரு பெட்டிகூட வைக்க இடமில்லை என்று கொண்டுவந்து எடை போட்டால் 40 கிலோ தேறவில்லை. காற்றுக்கு வாடகை கொடுத்திருக்கிறோம். டீசல் காசுக்குக்கூடக் கட்டுபடியாகவில்லை.

அதற்குப் பிறகு செல்வின் பெட்டிகள் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஷெட்டை மாற்றினான். ஜப்பானில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். தோக்கியோவின் சுகிஜி மீன் சந்தை 2018-ல் தொயோசுவுக்கு இடம் மாறியது உனக்குத் தெரிந்திருக்கும். பழைய சுகிஜியிலேயே, காலி மீன் பெட்டிகளைச் சந்தைக்குள் வைத்தே உருக்கிக் கட்டியாக்கித்தான் வெளியே அனுப்பினார்கள். காற்றை இறக்கிவிட்டு அப்புறம் வண்டி ஏற்ற வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது இது ஒன்றுதான்.

மெஷினை நீ பார்க்க வேண்டும். நான்கு பெண்கள் உட்கார்ந்து டேப்பையும் ஸ்டிக்கரையும் உரித்து, கழுவிக் காய்ந்த பெட்டிகளை மேலே போடுவார்கள். பல் சக்கரம் கடித்து நொறுக்கும். கீழே சூடான திருகு. 100 டிகிரியைத் தாண்டினால் தெர்மாகோல் இளகிவிடும். மறுமுனையில், சட்டியிலிருந்து கிளறி எடுத்த அல்வா போல மடிப்பு மடிப்பாக வழிந்து தட்டில் விழும். ஆறினால் பாறை. ஓர் அறை நிறைய இருந்த பெட்டிகள் இரண்டு கையில் தூக்கும் கட்டியாக நிற்கும்போது, இத்தனை நாள் பார்த்தும் எனக்கு இன்னும் ஆச்சரியம் போகவில்லை. சூடு மீறினால் மஞ்சளித்து மூக்கைத் துளைக்கும் வாடை வரும். அந்த ஆவி உடம்புக்கு ஆகாது. அதனால் புகையை இழுக்கும் ஃபேன் ஓடாமல் மெஷினை ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு முறை நாலு மாதச் சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. வளையும் வெள்ளை ஃபோம் ஷீட் இடையில் கலந்திருந்தது. அது பாலிஎத்திலீன், வேறு ஜாதி. உருகினாலும் இதோடு ஒட்டாது. இப்போது எல்லோருக்கும் ஒரே சோதனை: கையில் எடுத்து மடக்கிப் பார், பட்டென்று ஒடிந்து முத்து முத்தாக உதிர்ந்தால் தெர்மாகோல், வளைந்தால் தள்ளி வை.

பாலிடெக்னிக் லேபில் அசிட்டோன் பீக்கரில் தெர்மாகோல் துண்டைப் போட்டோமே, நினைவிருக்கிறதா? நுரைத்துக்கொண்டு காணாமல் போனது. நீ "கரைந்துவிட்டது" என்றாய், நான் "காற்று போய்விட்டது" என்றேன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதே வேலையை ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனும் செய்கிறது. சோனி கம்பெனிக்காரர்கள் தொண்ணூறுகளில் அதில் கரைத்தே தெர்மாகோலை மீட்டார்கள். நெருப்பில் வாட்டாமல் எடுப்பதால் பிளாஸ்டிக்கின் வலு அதிகம் குறைவதில்லை. அந்த வழி நமக்கும் கட்டுபடியாகும் நாள் வர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

புழு தின்னுமாமே என்று கேட்டிருந்தாய். உண்மைதான். 2015-ல் ஸ்டான்ஃபோர்டும் சீன ஆராய்ச்சியாளர்களும் காட்டினார்கள்: 100 மாவுப்புழுக்கள் நாளுக்கு 34 முதல் 39 மில்லிகிராம் தின்றன. கணக்குப் போட்டேன். 300 கிராம் பெட்டி ஒன்றை அந்த நூறும் தின்று முடிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். அவற்றின் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களிடமிருந்து ஏதாவது கிடைத்தால் நல்லது. அதுவரை நமக்கு மெஷின்தான்.

எங்கள் கட்டிகள் போட்டோ ஃபிரேம் செய்யும் இடத்துக்குப் போகின்றன. நம் ஹாஸ்டல் வாசல் படத்தை அப்படி ஒரு ஃபிரேமில் போட்டு உனக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் தேக்கு என்பாய், தூக்கினால் தெரிந்துவிடும். பின்பக்க மூலையில் வெட்டுவாயைப் பார். உள்ளே மெல்லிய நுரை, மேலே மரக்கோடு போட்ட படலம்.

நம் மாநிலத்தில் தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தடை. பேக்கிங்கில் வருவது நிற்கவில்லை. மழைக்குப் பிறகு கடற்கரைக்குப் போனால் அலை ஒதுக்கிய வரியில் வெள்ளை முத்துகள் மணலோடு கலந்து கிடக்கும். பொறுக்கப் பார்த்தேன், முடியாது. முத்தாக உதிர்வதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும்.

பரணில் இருப்பதைக் கோவையிலிருந்து இங்கே தூக்கி வராதே, அதுவும் காற்றுக்கு வாடகைதான். மாடியில் வெயில் இறங்குகிறது என்றாயே, அதற்கு ஆகும். பொடியாக உடைத்து சிமென்ட், மணலோடு கலந்து தளத்தின் மேல் போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதிக்கச் சொல். கலவையில் முத்து மேலே மிதந்து வரும், கொத்தனாரை விடாமல் கிளறச் சொல். பளு தாங்காது, தூணிலும் பீமிலும் கலக்க விட்டுவிடாதே. சிமென்ட்டுக்குள் போனது திரும்பி வராது என்பதால் நல்ல சுத்தமான துண்டுகளை அதில் போட எனக்கு மனசில்லை. கறை பிடித்ததை மட்டும் போடு. மீதியைக் கட்டி வை, உங்கள் பக்கம் உருக்குபவர் யாராவது இருக்கிறார்களா என்று செல்வினை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மதினியை மிகவும் கேட்டதாகச் சொல். பார்சல் கைக்கு வந்ததும் ஒரு வரி எழுது. மூலை உடையாமல் வந்ததா என்று செல்வின் தினமும் கேட்கிறான்.

என்றும் அன்புடன்,
ராஜாமணி