ஓவியப் போட்டிக்குக் கள்ளப் பிரதி எதற்கு?

ஐயா,

கோடை விடுமுறை வந்துவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் கணினி ஓவியப் பயிற்சிகளும் போட்டிகளும் களைகட்டும். அறிவிப்பில் ‘படைப்பை பிஎஸ்டி கோப்பாக மட்டுமே அனுப்பவும்’ என்று ஒரு வரி இருந்தால் போதும். பிஎஸ்டி என்பது போட்டோஷாப் மென்பொருளின் கோப்பு வகை. அதற்குச் சந்தா கட்ட வசதியில்லாத வீடுகளில் பென் டிரைவ் வழியே கள்ளப் பிரதி வந்து இறங்கும், பல நேரம் வைரஸும் சேர்ந்தே. இதற்கு அவசியமே இல்லை. கட்டற்ற மென்பொருள்களான கிரிட்டாவும் கிம்ப்பும் பிள்ளைகளின் ஓவியத் தேவைக்குத் தாராளமாகப் போதும்.

கிம்ப் 1996 முதல் புழக்கத்தில் இருப்பது. அடிப்படையில் படம் திருத்தும் கருவி. மைபெயின்ட் என்ற ஓவிய மென்பொருளின் தூரிகைகள், சமச்சீராக வரைதல், வரையும் பரப்பைச் சுழற்றி வரைதல் ஆகியவை 2018இல் வந்த 2.10 பதிப்பில்தான் சேர்ந்தன. கிரிட்டாவோ ஓவியர்களை மனத்தில் வைத்து வளர்க்கப்படுவது. புகைப்படம் திருத்த கிம்ப், வெற்றுத் தாளில் தொடங்கும் ஓவியத்துக்கு கிரிட்டா என்பதே எங்கள் பரிந்துரை. கிரிட்டாவை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் காசில்லை. மைக்ரோசாப்ட் ஸ்டோரில் விலை போட்டிருப்பதைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். அந்தப் பணம் மேம்பாட்டுப் பணிக்குப் போகிறது, மென்பொருள் ஒன்றேதான்.

பிள்ளைகள் இவற்றைக் கைவிடுவதற்கு முக்கியக் காரணம் பேனா அழுத்தம். கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகையான டேப்லெட்டில் அழுத்தி வரைந்தாலும் மெல்ல வரைந்தாலும் கோடு ஒரே தடிமனில் வரும். உடனே ‘இலவச மென்பொருள் இவ்வளவுதான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோளாறு அமைப்பில்தான். விண்டோஸில் பேனாவின் தகவல் வின்டேப், விண்டோஸ் இங்க் என இரு வழிகளில் வரும். டேப்லெட்டின் டிரைவர் (அதைக் கணினியில் இயங்க வைக்கும் மென்பொருள்) ஒரு வழியில் அனுப்ப, கிரிட்டா மறு வழியில் எதிர்பார்த்தால் அழுத்தம் வந்து சேராது. செட்டிங்ஸ் மெனுவில் ‘கன்ஃபிகர் கிரிட்டா’ திறந்து, டேப்லெட் பக்கத்தில் டிரைவருக்குப் பொருந்தும் வழியைத் தேர்ந்தெடுத்து, கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். அதே பக்கத்தில் இருக்கும் டேப்லெட் டெஸ்டரில் கிறுக்கிப் பார்த்தால் அழுத்தம் எண்ணாகவே தெரியும். அப்போதும் வரவில்லையா? முன்பு வைத்திருந்த வேறு நிறுவன டேப்லெட்டின் டிரைவர் கணினியிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டிரைவர்கள் மோதிக்கொள்வது சகஜம். கோடு தொடங்கும் இடத்தில் ஒரு வட்டம் தோன்றித் தாமதமானால், பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் விண்டோஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

கிம்ப் 2.10இல் எடிட் மெனுவின் இன்புட் டிவைசஸில் பேனாவின் மோடு ‘டிசேபிள்டு’ என்று இருந்தால் ‘ஸ்கிரீன்’ என்று மாற்ற வேண்டும். தடிமன் மாற, தூரிகையின் டைனமிக்ஸில் ‘பிரஷர் சைஸ்’ தேர்ந்தெடுக்க வேண்டும். டேப்லெட்டைச் செருகிய பிறகே கிம்ப்பைத் திறப்பது பாதுகாப்பு.

அடுத்தது அளவு. ஏ3 தாளுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508க்கு 4961 பிக்சல். வழக்கமான 8 பிட் நிறத்தில் முழுதும் தீட்டிய ஓர் அடுக்கு (லேயர்) சுமார் 70 எம்பி நினைவகம் பிடிக்கும். 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் இருபது அடுக்கு போட்டால் திணறத்தான் செய்யும். முடிந்த அடுக்குகளை அவ்வப்போது இணைத்துவிடுவதே வழி. பத்துக்கு எட்டு அடி பிளெக்ஸுக்கும் அதே 300 டிபிஐ போடுவது வீண். 36,000க்கு 28,800 பிக்சல் ஆகி, ஓர் அடுக்கே 4 ஜிபியைத் தாண்டிவிடும். தள்ளி நின்று பார்க்கும் பிளெக்ஸுக்கு 72 போதும்.

அச்சில் நிறம் மங்குவதற்கும் மென்பொருளைக் குறை சொல்கிறார்கள். புதுச்சேரி ஒயிட் டவுனின் மஞ்சள் சுவரையும் அதன்மேல் படர்ந்த காகிதப்பூவையும் வரைந்தால், சுவர் ஏறக்குறைய அப்படியே அச்சாகும். திரையில் ஒளிர்ந்த பூவின் நிறம் செத்துப்போகும். அச்சின் நான்கு மை தரக்கூடிய நிறங்களின் எல்லைக்குள் அந்த நிறம் இல்லை என்பதே காரணம். அச்சில் எந்த நிறங்கள் வரும் என்று சொல்லும் கோப்பான அச்சகத்தின் நிறச் சுயவிவரத்தை (கலர் புரொஃபைல்) வாங்கிப் படத்தில் அமைத்துக்கொண்டு, கிரிட்டாவில் கன்ட்ரோல், ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்பது தெரியும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் எல்லை தாண்டிய இடங்களைத் தனியே காட்டும்.

போட்டி நடத்துவோருக்கு எங்கள் வேண்டுகோள் இது. மென்பொருளின் பெயரையோ அதன் கோப்பு வகையையோ நிபந்தனையாக்காமல், பிக்சல் அளவைச் சொல்லி பிஎன்ஜி கோப்பு கேளுங்கள். சொந்தமாக வரைந்ததுதானா என்று அறிய அடுக்குகள் வேண்டுமென்றால் கிரிட்டாவின் கேஆர்ஏ, கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்புகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னும் உறுதி தேவை என்றால் கிரிட்டா 5.0 முதல் உள்ள ரெக்கார்டரின் பதிவைக் கேட்கலாம். வெற்றுத் தாளிலிருந்து ஓவியம் வளர்ந்த விதத்தை அது காணொளியாகத் தரும். வரையத் தொடங்கும் முன்பே அதை இயக்க வேண்டும் என்பதால், இந்த நிபந்தனையை முதல் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி ஓவியப் பயிற்றுநர்கள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.