ஆடுபுலி ஆட்டம்: விமர்சனங்களுக்கு என் பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் செஞ்ச ஆடுபுலி ஆட்டம் மொபைல் கேமை இறக்கி விளையாடி, நல்லதும் கெட்டதுமா எழுதினவங்களுக்கு நன்றி. ரெண்டு நட்சத்திரம் போட்டவங்க எழுதினதுதான் எனக்கு அதிகம் உதவுச்சு (கோபம் வந்தது வேற விஷயம்).

"ஆட்டை நகர்த்தவே முடியல, பக்" (அதாவது கேம்ல பிழை) அப்படின்னு பலர். அது பக் இல்லைங்க, விதி. 15 ஆடும் பலகையில இறங்கின பிறகுதான் ஆடு நகரும். திண்ணையில ஆடினவங்களுக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்காக, கையில இன்னும் எத்தனை ஆடு இருக்குன்னு இனி திரையிலயே காட்டும்.

"மூணு புலியும் சேர்ந்து எப்பவும் ஜெயிக்குது": ஆட்டைத் தனியா விடாதீங்க. புலி தாண்டணும்னா ஆட்டுக்கு நேர் பின்னாடி புள்ளி காலியா இருக்கணும். அங்க இன்னொரு ஆட்டை வெச்சுட்டா வெட்ட முடியாது. ஓரத்திலேர்ந்து நிரப்பிட்டு வாங்க. புலியோட மூளையை மழுங்கடிக்க மாட்டேன். வேணும்னா சுலப நிலை தனியா வரும்.

'கொ'ன்னு வரவேண்டிய இடத்துல கொம்பு ககரத்துக்குப் பின்னாடி நிக்குதுன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பின அக்காவுக்குத் தனி நன்றி. கேமை உருவாக்குற மென்பொருளை கோடோ (Godot) 4-க்கு மாத்தியாச்சு, இப்ப ஒழுங்கா வருது.

விளம்பரம் போட்டுக் காசு பார்க்கச் சொன்ன தம்பிக்கு: மாட்டேன்ப்பா.

புது ஏபிகே (ஆண்ட்ராய்டு போன்ல இன்ஸ்டால் பண்ற ஃபைல்) ஞாயிறு சாயங்காலம் இங்கயே போடுறேன். பழசை எடுத்துட்டு இன்ஸ்டால் பண்ணுங்க.