உளவாளிப் படத்தின் இரண்டாம் பாகம்: தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார்

பொருள்: சண்டைக்காட்சி எடிட்டிங், ஒலிக்கலவை, ட்ரெய்லர் குறித்த புகார்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் உளவாளிப் படத்தின் முதல் பாகத்தைத் தியேட்டரில் மூன்று முறை பார்த்தவன் நான். இரண்டாம் பாகத்துக்கு முதல் நாளே போனேன். வெளியே வரும்போது மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

துறைமுகத்தில் நடக்கும் கிரேன் சண்டையிலிருந்து தொடங்குகிறேன். நீங்களே வெளியிட்ட படப்பிடிப்பு வீடியோவில் அதைப் பார்த்திருந்தேன். நாயகன் டூப் போடாமல் கிரேன் மேல் ஓடுகிறார், கால் வழுக்குகிறது, ஒற்றைக் கையில் தொங்குகிறார், மறுபடி ஏறுகிறார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. படத்தில் அதே காட்சியில் என்ன இருக்கிறது? கால், கயிறு, வில்லன் முகம், ஹெலிகாப்டர், மறுபடி கால். எந்த ஷாட்டும் இரண்டு நொடிகூட நிற்கவில்லை. அவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார், வில்லன் எந்தப் பக்கம் வருகிறான், எதுவும் பிடிபடவில்லை. ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) என்று நினைக்கும்படி வெட்டிவிட்டீர்கள்.

1977-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரிக் சில்வெஸ்டர் என்ற ஸ்டண்ட் கலைஞர் கனடாவின் அஸ்கார்ட் மலையிலிருந்து பனிச்சறுக்குக் கட்டைகளோடு பாய்வார். பாராசூட் விரியும்வரை கேமரா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும், இசைகூட அடங்கிவிடும். அந்த அமைதியில் நமக்கு வயிறு கலங்கும். அதற்கு முன்பு, 1974 பாண்ட் படத்தில், உடைந்த பாலத்தைத் தாண்டும் கார் காற்றிலேயே ஒரு முழுச் சுற்று சுழன்று மறுகரையில் இறங்கும். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஒரே டேக்கில் எடுத்தது. அதன் மேல் ஒரு விசில் சத்தத்தைச் சேர்த்தார்கள். இசையமைத்த ஜான் பேரியே பின்னாளில் அதற்காக வருந்தினார்.

உங்கள் படத்தில் இசை செய்த கெடுதல் இன்னும் பெரியது. இடைவேளைக்குப் பிறகு காரில் வைத்து, தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று நாயகன் கேட்கிறான். பெரியவர் ஒரு பெயரைச் சொல்கிறார். அந்த நொடியில் டிரம்ஸ் வெடிக்கிறது. பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன், அவருக்கும் கேட்கவில்லை. உளவுக் கதையே அந்த ஒரு பெயரில்தான் நிற்கிறது. அது தெரியாமல் மீதிப் படத்தை எப்படிப் பார்ப்பது?

இத்தனைக்கும் நல்ல படம் எடுக்கத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். நாயகியை விசாரிக்கும் காட்சியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இசையே இல்லை. பொய் சொல்லும்போது அவள் விரல் மோதிரத்தைத் திருகும். முதல் பாகத்தில் வந்த அதே பழக்கம். யாரும் அதை விளக்கிச் சொல்லவில்லை, ஆனால் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரலைப் பார்த்தது. அந்தக் காட்சிக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? கிரேன் சண்டையைவிட அதுதான் மனசில் நிற்கிறது.

அப்புறம், பழைய மேலதிகாரி எதிரணிக்குப் போய்விட்டதை ட்ரெய்லரிலேயே காட்டியது பெரிய தவறு. கதை பாதியில் நின்று 'தொடரும்' என்று வரும் என்பதையோ எந்தப் போஸ்டரிலும் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கும் முன் அது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓடிடியில் வெளியிடும் முன் அந்தக் கார் காட்சியின் ஒலிக்கலவையைத் திருத்துங்கள். கிரேன் சண்டையை நீளமான ஷாட்களோடு மறுபடி எடிட் செய்யுங்கள். எடுத்த காட்சிகள் உங்களிடம்தானே இருக்கின்றன. அடுத்த பாகத்தின் விளம்பரத்தில், கதை அதிலாவது முடிகிறதா என்று தெளிவாகப் போடுங்கள். இந்த மூன்றுக்கும் உங்கள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
முதல் பாகத்தை மூன்று முறை பார்த்த ரசிகன்