நம்ம ஊரு கூத்துப் பெட்டிக்கு கை கொடுங்க: பாரதக் கமிட்டியோட வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கங்க. கடலூருக்கும் கண்டரக்கோட்டைக்கும் நடுவுல, தென்பெண்ணை ஆத்தங்கரையோரமா இருக்கற நம்ம ஊரு திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கமிட்டி சார்பா இத எழுதறோம். உள்ளூர்ல இருக்கறவங்க, பாண்டிக்கு தினம் பஸ் புடிச்சு ஷிஃப்ட்டுக்கு போறவங்க, சென்னை சிங்கப்பூர் துபாய்னு போயிட்டவங்க, ஆத்துக்கு அந்தாண்ட பாகூர் பக்கம் கட்டிக்குடுத்த நம்ம பொண்ணுங்க, அங்கேருந்து பாரிஸ் வரைக்கும் போன சொந்தக்காரங்க, எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க. சுத்தி வளைக்கல, தெருக்கூத்து வேஷச் சாமானும் வாத்தியமும் வெக்கற கூத்துப் பெட்டி போச்சு, புதுசா செய்யணும், பணம் வேணும்.

2024 டிசம்பர் ஆரம்பத்துல பெஞ்சல் புயல் மழையில பெண்ணையாறு கரை மீறி வந்தது யாருக்கும் மறந்திருக்காது. வீடு, மாடு, கரும்புன்னு அவங்கவங்க கவலையில இருந்தோம், கோயில் பின்னாடி ரூம்ல இருந்த பெட்டிய யாரும் நெனச்சுப் பாக்கல. 2011 தானே புயல்லயே தப்பிச்ச பெட்டிங்க அது, ஆனா அப்ப வந்தது காத்து, பலாவும் முந்திரியும்தான் சாஞ்சது, இந்த வாட்டி வந்தது தண்ணி. சேறு வடிஞ்சு பெட்டிய தொறந்தா துரியோதனன் கிரீடம் ரெண்டா பொளந்து கெடக்கு, தோள்ல கட்டற புஜக்கட்டையில ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டெல்லாம் பசை விட்டு அடியில சேத்தோட சேந்து கெடக்கு, மார்புப் பதக்கத்துல ஜிகினா உரிஞ்சு வெறும் மரம் தெரியுது. மிருதங்கத்துத் தோல் ஊறி நாறிப் போச்சு. ஆர்மோனியப் பெட்டிய அமுக்கினா காத்துதான் வருது, சத்தம் வரல. நம்ம கூத்து வாத்தியாரு எல்லாத்தையும் மண்டபத்துல பாய் போட்டு பரப்பி ஒவ்வொண்ணா துணியால தொடச்சு வெச்சாரு, பாதிக்கு மேல தேறாதுன்னு அவருக்கு அப்பவே தெரியும், இருந்தாலும் தொடச்சாரு.

சில பேர் கேக்கலாம், ஒடஞ்சா ஃபைபர்ல வாங்கிக்க வேண்டியதுதானே, இல்லன்னா வாடகைக்கு எடுத்துக்கலாமேன்னு. கமிட்டியில இளவட்டங்க கூட இததான் சொன்னாங்க, நியாயமான கேள்விதான். விஷயம் என்னன்னா கட்டை வேஷத்துக்கு, அதாவது கிரீடம் புஜக்கட்டைன்னு மரச் சாமான் கட்டிக்கிட்டு ஆடற வேஷத்துக்கு, கல்யாண முருங்கை மரத்துலதான் செய்யறது, வெயிட்டு கம்மி, செதுக்க தோதான மரம். வேஷக்காரரு ராத்திரி பத்து மணிக்கு கட்டிக்கிட்டா விடியற வரைக்கும் எறக்க முடியாது, திரைய விட்டு வெளிய வந்து கிறுகிறுன்னு சுத்தும்போது தலைய விட்டு அசையாம நிக்கணும், அது அவரு தலை அளவுக்கு செஞ்சதா இருந்தாதான் நிக்கும். வாடகை கிரீடம் எவன் தலைக்கோ செஞ்சது. போன வருஷம் வாடகைக்கு எடுத்து ஆடினப்ப கர்ணன் ஒரு கையால கிரீடத்த புடிச்சுக்கிட்டே சண்ட போட்டத நீங்களே பாத்தீங்க.

நம்ம பசங்களுக்காக கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா பாரதத் திருவிழான்னா தீமிதி அன்னிக்கு மட்டும் வந்து வீடியோ எடுத்துட்டுப் போறதுன்னு ஆயிடுச்சு. கொடியேத்தி காப்பு கட்டினதுலேருந்து பகல்ல பிரசங்கியாரு வில்லி பாரதம் பாட்டு பாடி கதை சொல்லுவாரு, அதே கதைய ராத்திரி கூத்துல ஆடுவாங்க, வில் வளைப்புல ஆரம்பிச்சு பதினெட்டாம் போர் வரைக்கும். பகாசூரன் கதையன்னிக்கு சோத்து வண்டி தெருவுல வரும், சின்னப் பசங்க அதுக்குன்னே முழிச்சிருக்கும். அர்ச்சுனன் தபசுல வேஷக்காரரு பாடிக்கிட்டே தபசு மரத்துல ஏறுவாரு, உச்சியிலேருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவாரு, கொழந்த வரம் கேட்டு கீழ மடியேந்தி நிக்கற பொம்பளைங்கள பாத்தா, நாத்திகம் பேசறவன் கூட அந்த நேரத்துல வாய மூடிக்குவான். பாஞ்சாலி துகில் உரியற கதையன்னிக்கு துச்சாதனன் வேஷம் கட்டறவரு புடவையில கை வைக்கறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி அம்மன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுதான் கை வைப்பாரு, அப்பவும் கூட்டத்துல நாலு பேருக்கு அருள் வந்துடும். கடைசி நாள் காலையில படுகளம், மண்ணால செஞ்ச பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்கும், பீமன் தொடையில அடிக்கணும், அம்மன் கூந்தல முடிக்கணும், அதுக்கப்பறம்தான் சாயந்திரம் தீமிதி. பத்து நாளா கட்டிக்கிட்டு வந்த கதை முடியற எடம் அந்த நெருப்பு, கூத்து இல்லாம தீ மட்டும் மிதிச்சா அது வெறும் கட்டைக்கரி.

அதனால ஒண்ணு வெளிப்படையா சொல்லிடறோம், ஆர்கெஸ்ட்ராவுக்கு இந்தப் பணத்துலேருந்து ஒரு ரூவா போகாது. அதுக்கு ஸ்பான்சர் தானா வர்றாங்க, மைக்குல பேரு சொன்னா போதும். கூத்துக்கு விடியக்காலம் நாலு மணிக்கு எவன் பேரு சொல்றது, எவன் கேக்கறது.

இப்ப கணக்கு. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் சேந்த கட்டை செட்டும் சலங்கையும் 1,60,000 ரூபா. மிருதங்கம், வாயால ஊதற முகவீணை, ஆர்மோனியம் மூணுக்கும் 70,000, இதுல மிருதங்கக் கட்டை நம்ம பண்ருட்டி பலாமரத்துலயே கடைய சொல்லியிருக்கோம், ஊரு ஊருக்கு இங்கேருந்து போற மரத்த நாம வெளிய போய் வாங்கினா சிரிப்பாங்க. மிச்சம் 60,000 பசங்களுக்கு, லீவு நாள்ல வாத்தியாரு அடவும் பாட்டும் சொல்லித் தர்றதுக்கு, அவருக்கு சம்பளம், பசங்களுக்கு டிபன். பொம்பளப் புள்ளைங்களும் வரலாம், பாஞ்சாலி வேஷம் ஆம்பளதான் கட்டணும்னு எந்த சாஸ்திரத்துலயும் எழுதல, வாத்தியாரே சரின்னுட்டாரு. மொத்தம் 2,90,000. உள்ளூர்லயே 74,000 வந்துடுச்சு, இன்னும் 2,16,000 வேணும். தை பொறந்ததும் மரம் வெட்டி நெழல்ல காயப் போட்டாதான் வைகாசிக்குள்ள செதுக்கி பெயிண்ட் அடிச்சு முடியும், அதனால மார்கழிக்குள்ள குடுத்துட்டா பெரிய உபகாரம்.

இது தலைக்கட்டு வரி இல்ல. இவ்வளவுதான் குடுக்கணும், இவங்கதான் குடுக்கணும்னு எதுவும் கெடையாது. ஊரு, காலனி, குப்பம்னு பிரிச்சு வசூல் பண்ற பழக்கம் இந்த வேலையில வேணாம்னு கமிட்டியில பேசி முடிவாயிடுச்சு, ரெண்டு பேரு மொணங்கினாங்க, மொணங்கட்டும். அம்மன் வாசல்ல போத்துராஜாவோட சேந்து காவல் நிக்கறது முத்தால ராவுத்தன், ஒரு முஸ்லிம் வீரன், அம்மனே அவர காவலுக்கு வெச்சிருக்கறப்போ நாம யாரு கணக்கு பாக்க. நூறு ரூவா குடுத்தாலும் ரசீது, பத்தாயிரம் குடுத்தாலும் அதே ரசீதுதான். ஃப்ளெக்ஸ்ல போட்டோ கிடையாது. அது வேணும்னா தயவுசெஞ்சு ஆர்கெஸ்ட்ராக்காரங்கள பாருங்க.

பணமா குடுக்க தோதுப்படாதவங்க பொருளா குடுக்கலாம். பொம்பள வேஷத்துக்கு பழைய பட்டுப்பொடவ வேணும், கிழிஞ்சிருந்தாலும் ஜரிக நல்லாருந்தா போதும். பயிற்சி நாளுக்கு அரிசி, பருப்பு குடுக்கலாம். அரிதாரம் கொழைக்க தேங்கா எண்ணெ நெறைய ஆகும். தோட்டத்துல, வேலியோரம் முத்தின கல்யாண முருங்கை இருந்து வெட்டற ஐடியா இருந்தா வெறகுக்கு போடாம மொதல்ல எங்களுக்கு சொல்லுங்க, நாங்களே வந்து வெட்டிக்கறோம்.

பேங்க் அக்கவுண்ட் நம்பரும் ஜிபே க்யூஆரும் கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, வெளியூர்ல இருக்கறவங்க உள்ளூர்ல இருக்கற உங்க சொந்தக்காரங்கள விட்டு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, ஃபார்வர்டுல வேற எதுனா க்யூஆர் வந்தா நம்பாதீங்க. வரவு செலவு மாசாமாசம் அமாவாசை அன்னிக்கு அதே போர்டுல எழுதுவோம், சந்தேகம்னா பில்ல கேட்டு வாங்கிப் பாக்கலாம். ரசீது புக்கோட பொருளாளர் வெள்ளிக்கிழம சாயந்திரம் ஆறு மணிலேருந்து எட்டு வரைக்கும் கோயில் மண்டபத்துல ஒக்காந்திருப்பாரு, பொடவ, அரிசி எதுவா இருந்தாலும் அப்பவே கொண்டாந்து குடுத்துடுங்க.