அந்தக் கிசுகிசுப்பு யாருடையது? இசைச் செயலிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இசைச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஓர் இரவு, காரில் இங்கிலாந்தின் டென் சிசி (10cc) இசைக்குழுவின் ‘ஐம் நாட் இன் லவ்’ ஓடிக்கொண்டிருந்தது. பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, ஒரு பெண் குரல் மட்டும் காதோரம் வந்து, பெரிய பையன்கள் அழமாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் இடம் வந்தது. பின்சீட்டிலிருந்து என் மகள் கேட்டாள்: “யாருப்பா அது பேசுறது?”

பெயரைச் சொன்னேன். “எங்க போட்டிருக்கு?” என்று அவள் செயலியைத் திறந்து தேடினாள். பாட்டின் பெயர் இருந்தது, குழுவின் பெயர் இருந்தது, ஏதோ ஒரு தொகுப்பு ஆல்பத்தின் படமும் அந்தத் தொகுப்பு வெளியான வருஷமும் இருந்தன. வேறொன்றும் இல்லை. 1975-இல் வந்த பாட்டு, அவள் பிறந்த பிறகு வந்ததாக அங்கே எழுதியிருந்தது. “இதுல அப்படி இல்லையேப்பா” என்றாள். அவள் அதைத்தான் நம்பினாள். அவள் வயதுப் பிள்ளைகளுக்கு இசைத்தட்டின் உறை என்பது உங்கள் திரைதான். அதனால்தான் இந்த மடல்.

அந்தக் குரலுக்கு உரியவர் கேத்தி ரெட்ஃபெர்ன். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாக்போர்ட் நகரத்து ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் அலுவலக வேலை பார்த்தவர். பாட்டின் நடுப்பகுதிக்கு என்ன செய்யலாம் என்று எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கூல்ட்மன், கெவின் காட்லி, லால் க்ரீம் என்ற நால்வர் குழு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கதவைத் திறந்து, எரிக் ஸ்டூவர்ட்டுக்குப் போன் வந்திருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இந்தக் குரல்தான் வேண்டும் என்று லால் க்ரீம் துள்ளி எழுந்தார். கேத்தி தயங்கினார், வற்புறுத்திப் பேச வைத்தார்கள். உலகமெங்கும் ஐம்பது வருஷமாகக் கேட்கும் குரல் அது. உங்கள் பக்கத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

அவரோடு முடிந்தாலும் பரவாயில்லை. அந்தப் பாட்டில் யார் என்ன செய்தார்கள் என்பதை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி போய்விடும். எழுதியவர்கள் எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கூல்ட்மனும். முதலில் அதை பொஸா நோவா என்ற பிரேசில் நாட்டுத் தாளத்தில் பதிவு செய்தார்கள். கெவின் காட்லிக்குப் பிடிக்கவில்லை. டேப்பை அழித்தே விட்டார்கள். ஆனால் ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்கள். அதைக் கேட்டுத்தான் மறுபடி தொட்டார்கள். வாத்தியங்களை விட்டுவிட்டு முழுக்கக் குரல்களால் கட்டலாம் என்றவர், பிடிக்கவில்லை என்று சொன்ன அதே காட்லி. டேப்பை வளையமாக ஒட்டி ஓடவிடலாம் என்றவர் க்ரீம்.

அதன் பிறகு நடந்த உழைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை, பன்னிரண்டு சுரஸ்தானமும் மேல் சுரமும் சேர்ந்து 13 சுரங்கள். ஒவ்வொன்றுக்கும் கூல்ட்மன், காட்லி, க்ரீம் மூவரும் ஒரே ‘ஆ’வைச் சேர்ந்து 16 முறை பாடினார்கள். ஒரு சுரத்துக்கு 48 குரல், மொத்தம் 624. இதற்கே மூன்று வாரம் போனது. பாடுகிற மனிதனுக்கு மூச்சு வாங்கும், வளையமாக ஒட்டிய டேப்புக்கு வாங்காது. ஒரு சுரம் முடிவே இல்லாமல் நிற்கும். வளையம் மெஷினுக்குள் அடங்காத நீளம் என்பதால் வெளியே மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். அவர்களிடம் இருந்தது 16 ட்ராக் மெஷின், அதாவது 16 ஒலிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யும் மெஷின். 13 ட்ராக் குரல்களுக்கே போய்விட, மிச்சம் மூன்றுதான். பிறகு மிக்சரே வாத்தியம் ஆனது. நால்வரும் ஃபேடர்களை, அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்களைப் பிடித்துக்கொண்டு, அந்தந்த இடத்துக்கு வேண்டிய சுரங்களை ஏற்றியும் இறக்கியும் வாசித்தார்கள். எந்த ஃபேடரும் அடியோடு மூடிவிடாதபடி கீழே ஒட்டுநாடாவை ஒட்டி வைத்தார்கள். அதனால் எல்லாச் சுரங்களும் பாட்டு முழுக்க அடியில் மெல்ல இரைந்துகொண்டே இருக்கின்றன. தம்புரா மாதிரி என்று சொல்ல வாய் வருகிறது; ஆனால் தம்புராவில் ஒலிப்பது இரண்டு மூன்று சுரம், இங்கே அத்தனையும். நல்ல ஹெட்போனில் ஒரு முறை கேளுங்கள், அந்த இரைச்சல் புரியும். அப்போது, இதைச் செய்தவர்கள் யார் என்று தேடத் தோன்றும். தேடினால் பல செயலிகளில் எழுதியவர் பெயரைத் தாண்டி அதிகம் கிடைப்பதில்லை. அதைக் காட்டத் தொடங்கியவர்களுக்கு என் நன்றி. ஆனால் மேலே சொன்னதைப் பாருங்கள்: எழுதியவர் பெயரில் காட்லியும் இல்லை, க்ரீமும் இல்லை.

இந்தக் குழு விஷயத்தில் இது இன்னும் உறுத்துகிறது. ஸ்டூவர்ட்டும் கூல்ட்மனும் ஒரு ஜோடி, காட்லியும் க்ரீமும் ஒரு ஜோடி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ‘லைஃப் இஸ் எ மினஸ்ட்ரோன்’ க்ரீமும் ஸ்டூவர்ட்டும் எழுதியது. ‘ரப்பர் புல்லட்ஸ்’ ஸ்டூவர்ட் இல்லாத மூவர் எழுதியது, ‘ஐம் மாண்டி ஃப்ளை மீ’ க்ரீம் இல்லாத மூவர் எழுதியது. இந்தக் குறுக்குப் பின்னல்தான் 1973 முதல் 1976 வரை வந்த நான்கு ஆல்பங்களின் சுவை. 1976-இல் காட்லியும் க்ரீமும் விலகினார்கள். தாங்கள் உருவாக்கிய ‘கிஸ்மோ’வுக்காக, அதாவது சிறு மோட்டார் சக்கரங்களால் கிட்டார் தந்தியை வில் போல் தேய்க்கும் கருவிக்காக, மூன்று தட்டுகள் கொண்ட ‘கான்சீக்வென்சஸ்’ ஆல்பத்தை 1977-இல் கொண்டுவந்தார்கள். மற்ற இருவரும் பழைய பெயரிலேயே தொடர்ந்தார்கள். ‘ட்ரெட்லாக் ஹாலிடே’ 1978-இல் பிரிட்டனில் முதலிடம் போனது. உங்கள் குழுப் பக்கத்தில் இரண்டு காலமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஐந்து நிமிஷத்தில் ஒரு குழு இன்னொரு குழுவாகிவிடுகிறது. கேட்பவருக்கு ஏன் என்று தெரிவதில்லை. போதாக்குறைக்கு, 1995-இல் வந்த ‘மிரர் மிரர்’ ஆல்பத்திலும் ‘ஐம் நாட் இன் லவ்’வின் புதுப் பதிவுகள் உண்டு. பழையது எது, புதியது எது என்று யார் சொல்வது?

ஸ்டூடியோவின் பெயரும் வேண்டும் என்கிறேன். லண்டனுக்கு வெளியே தரமான ஸ்டூடியோக்கள் அரிதாக இருந்த காலத்தில், சொந்த ஊர்ப் பக்கத்தில் பீட்டர் டாட்டர்சாலோடு சேர்ந்து ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் ஸ்டூவர்ட் பணம் போட்டார். பிறகு கூல்ட்மனும் சேர்ந்தார். அங்கே டிரம்ஸ் பதிவைச் சோதித்துப் பார்த்ததில் பிறந்ததுதான் 1970-இல் ‘ஹாட்லெக்ஸ்’ என்ற பெயரில் வந்து பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்த ‘நியாண்டர்தால் மேன்’ பாட்டு. 1972-இல் அமெரிக்கப் பாடகர் நீல் செடாகா அங்கே வந்து ‘சாலிடேர்’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, பின்னால் வாசித்தவர்கள் இந்த நால்வர்தான். 1979-இல் ஜாய் டிவிஷன் குழு ‘அன்நோன் ப்ளெஷர்ஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அங்கேதான். ஸ்டூடியோ பெயரைத் தொட்டால் இவை எல்லாம் ஒரே பக்கத்தில் திறக்க வேண்டும். அடுத்து என்ன கேட்கலாம் என்று நீங்கள் தரும் பரிந்துரைகளில் எனக்கு இந்த வழி ஒரு முறைகூடக் கிடைத்ததில்லை.

காட்லியும் க்ரீமும் விலகிய பிறகு, ஸ்டூவர்ட்டும் கூல்ட்மனும் இங்கிலாந்தின் தெற்கே டார்க்கிங்கில் பழைய சினிமா தியேட்டர் ஒன்றை ஸ்டூடியோவாக்கினார்கள். அங்கே செய்த முதல் ஆல்பம் ‘டிசெப்டிவ் பெண்ட்ஸ்’. அந்தப் பக்கத்துச் சாலையில் வளைவுகள் ஏமாற்றும் என்று எச்சரித்த பலகையிலிருந்து எடுத்த தலைப்பு. இடத்தை மறைத்தால் தலைப்புக்கே பொருள் இல்லை.

இசைத்தட்டுக் கம்பெனிகள் அனுப்புவதைத்தான் காட்டுகிறோம் என்று சொல்வீர்கள். ஓரளவு உண்மைதான். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்ட, எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு உண்டு. அதில் வருஷத்துக்கென்று உள்ள இரண்டு இடம், குறியீடு கொடுத்த வருஷத்தைத்தான் சொல்லும். பாடிய வருஷத்தை அல்ல. 1975-இல் அந்தக் குறியீடே கிடையாது. ஆனால் அட்டைப்படம் சிறியதாக இருந்தால் ஏற்க மறுக்கிறீர்களே. முதலில் வெளியான வருஷம், பதிவு செய்த இடம், பதிவுப் பொறியாளர், பாடியவர், வாசித்தவர் ஆகிய விவரங்களையும் அதே கண்டிப்போடு கேளுங்கள். பழைய பதிவுகளுக்கு உறைகள் இருக்கின்றன; அவற்றைப் பார்த்து எழுத ஆட்களை வையுங்கள். சந்தாவாக மாதாமாதம் பணம் கட்டும் எனக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால் இந்த ஒரு பாட்டிலிருந்து தொடங்குங்கள். முதல் வெளியீடு: 1975, ‘தி ஒரிஜினல் சவுண்ட்ட்ராக்’ ஆல்பம். பதிவு: ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ, ஸ்டாக்போர்ட். முன்குரலும் எலெக்ட்ரிக் பியானோவும்: எரிக் ஸ்டூவர்ட். கிட்டார்: கிரஹாம் கூல்ட்மன். மூக் சிந்தசைசரில் டிரம் ஒலி: கெவின் காட்லி. 624 குரல்கள்: கூல்ட்மன், காட்லி, க்ரீம். கிசுகிசுப்பு: கேத்தி ரெட்ஃபெர்ன்.

இப்படிக்கு,
சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் ஒருவன்