நூலக மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2003

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, மன்றத்தின் அன்பு உறுப்பினர்களே, வணக்கம்.

மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மக்களுக்காக இயங்கிவரும் நம் நூலக மன்றத்தின் 2003ஆம் ஆண்டுச் செயல்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். நூல் இரவல், பொங்கல் விழா, மாணவர்களுக்கான மாலை வகுப்பு ஆகியவை முந்தைய ஆண்டைப் போலவே நடந்தேறின. அவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. செயலவையின் நேரத்தையும் ஓரளவுக்கு என் உறக்கத்தையும் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றுதான். கணினி அறையின் இணையத் தொடர்பு, புதிய பக்கம் எதையும் திறக்காமல் சற்று நேரம் இருந்தாலே, தானாக அறுந்துகொண்டிருந்தது. எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே அமைகிறது.

2002 நவம்பர் இடிமழையில், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு சேர்க்கும் கருவியான பழைய மோடம் கருகிப்போனதை உறுப்பினர்கள் அறிவார்கள். அதற்கு மாற்றாக, கணினிக்கு வெளியே மேசைமீது வைக்கும் வகை மோடம் ஒன்றை ஈப்போவில் வாங்கி ஜனவரியில் பொருத்தினோம். அதே ஜனவரியில்தான் தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அதனால் பாடத் துணைப்பொருள் தேடி ஆசிரியர்கள் மாலை நேரத்தில் நம் அறைக்கு வரலானார்கள். நீண்ட பக்கம் ஒன்றைத் திறந்து குறிப்பெடுத்துவிட்டு அடுத்த பக்கத்தைச் சொடுக்கும்போது தொடர்பு இல்லை என்று கணினி சொல்வதாக அவர்களிடமிருந்தே முதல் புகார் வந்தது. அதைவிட என்னை வருத்தியது மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவருக்கு நேர்ந்ததாகும். தமிழ்நாட்டிலுள்ள உறவினருக்கு இணைய அஞ்சல் பக்கத்திலேயே ஒரு மணி நேரமாக எழுத்தெழுத்தாகத் தட்டிய கடிதம், அனுப்பும் பொத்தானை அழுத்திய நொடியில் காணாமற்போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நாங்கள் முதலில் சந்தேகித்தவை எல்லாம் தவறான இடங்களே. சமையற்கட்டில் அதே இணைப்பில் இருந்த இரண்டாவது தொலைபேசியை யாரோ எடுப்பதால்தான் என்று ஒருவர் சொன்னார், அதைக் கழற்றினோம். பேச்சின் நடுவே வேறோர் அழைப்பு வருவதை ஒலியால் தெரிவிக்கும் வசதிதான் மோடத்தைக் குழப்புகிறது என்றார் இன்னொருவர்; அதையும் நிறுத்தக் கேட்டுக்கொண்டோம். செம்பனைக் காட்டுக்குள் நனைந்து கிடக்கும் செப்புக்கம்பிதான் காரணம் என்பது பலரது கருத்தாக இருந்தது. இம்மூன்றும் ஒரு தொடர்பை அறுக்கக் கூடியவைதான் என்பதை மறுக்கவில்லை. மழை நாள்களின் இரைச்சலுக்காக, மறுமுனையின் ஒலி ஒரு கணம் மறைந்தால் எவ்வளவு பொறுத்துத் தொடர்பைக் கைவிடுவது என்பதைக் குறிக்கும் எஸ்10 என்னும் மோடத்தின் அமைப்பு எண்ணை நானே 14இலிருந்து 50 ஆக்கினேன். அது பத்தில் ஒரு விநாடிக் கணக்காகையால் 1.4 விநாடி 5 விநாடியாயிற்று. இவ்வளவும் செய்த பிறகும் எங்கள் புகார் அப்படியே இருந்தது.

பிப்ரவரியில் மேசைமீது ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, தொடர்பு அறுந்த ஒவ்வொரு முறையும் நேரத்தையும், அதற்கு முன் கடைசியாக மோடத்தின் விளக்கு எப்போது மினுக்கியது என்பதையும் எழுதும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். இந்தச் சிக்கலில் நான் செய்த உருப்படியான காரியம் இதுவென்றே கருதுகிறேன். வெளி மோடத்தின் நன்மை அதில்தான் தெரிந்தது. எஸ்டி, ஆர்டி என்னும் இரு விளக்குகளும் தரவு போய்வரும்போது மட்டுமே மினுக்கும். சிடி விளக்கு மறுமுனையுடன் தொடர்பு இருக்கும் வரை எரியும். மழையாலோ இரைச்சலாலோ அறுவதாக இருந்தால் நேரங்கள் ஒழுங்கின்றி இருக்க வேண்டும், மற்ற விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும்போதே சிடி அணைந்திருக்க வேண்டும். நோட்டுப் புத்தகமோ வேறு சொன்னது. கடைசி மினுக்கலுக்குப் பிறகு, எவர் அமர்ந்திருந்தாலும், வானம் எப்படியிருந்தாலும், ஐந்து நிமிடத்தில் அறுந்தது. கம்பிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது; கணக்காக ஐந்து நிமிடம் எண்ணுவது எங்கோ ஒரு இயந்திரம்தான் என்பது அன்று உறுதியாயிற்று.

அந்த இயந்திரத்தைக் கண்டுபிடிக்க மேலும் இரண்டு வாரம் வீணானதற்கு நானே பொறுப்பு. கணினியின் இயங்குதளமான விண்டோஸ் 98, மோடத்துக்கு அனுப்பும் கட்டளைகளைக் குறித்துவைக்கும் கோப்பில் எஸ்30=30 என்று கண்டேன். செயலின்றி இருந்தால் எவ்வளவு நேரத்தில் இணைப்பை விட்டுவிட வேண்டும் என்பதற்கான எண் அது என்பது தெரிந்திருந்தும், முப்பது நிமிடம் என்று பொருள்கொண்டு, இது நம் ஐந்து நிமிடத்துக்குக் காரணமாகாது என ஒதுக்கிவிட்டேன். மோடத்தோடு வந்த கையேட்டைப் பொறுமையாகப் படித்தபோதுதான், அந்த மோடத்தில் அந்த எண் பத்துப் பத்து விநாடியாக எண்ணப்படுகிறது என்பது தெரிந்தது. முப்பது பத்து முந்நூறு விநாடி; அதாவது ஐந்தே நிமிடம். வேறு வகை மோடங்களில் இதே வேலையைச் செய்யும் எண் எஸ்19 ஆகவும், அதன் அளவு நிமிடமாகவும் இருப்பதுண்டு என்பதால், ஒருவர் சொல்லக் கேட்டு எண்ணை மாற்றுவதை விடக் கையேட்டைப் பார்ப்பதே நலம். கணினியின் மோடம் அமைப்புப் பக்கத்தில் ‘5 நிமிடம்’ என்றிருந்த கட்டத்தின் குறியை நீக்கியதும் எஸ்30 சுழியமாயிற்று; அதாவது மோடத்தின் அந்தக் கடிகாரம் நின்றது. பில் ஏறாமலிருக்க அப்படி அமைத்துத் தரும்படி கடைக்காரரிடம் தாமே கேட்டதைப் பொருளாளர் அடுத்த கூட்டத்தில் எழுந்து ஒப்புக்கொண்டதைப் பாராட்டுடன் பதிவுசெய்கிறேன்.

இதோடு முடிந்தது என்று எண்ணியிருந்தோம். ஒரு வாரத்தில் நோட்டுப் புத்தகத்தில் இருபது நிமிடம் என்று வரத் தொடங்கிற்று. சிறிய கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் வரை பெரிய கடிகாரம் வெளியே தெரிவதில்லை; சிறியதை நிறுத்தினால்தான் அடுத்தது தலைகாட்டும். இந்த இருபது நிமிடம் இணைய உலாவியின் அமைப்பில் இருந்தது. ஆனால் அது மோடத்தைப் போல் சொல்லாமல் அறுப்பதில்லை. தொடர்பை வைத்திருக்கவா, விடவா என்று ஒரு சிறு கட்டத்தைக் காட்டிக் கேட்கும். சற்று நேரம் பதில் இல்லையென்றால்தான் விடும். ஆசிரியர்கள் குறிப்பேட்டில் தலைகுனிந்திருந்ததால் அந்தக் கட்டத்தை எவரும் கவனிக்கவில்லை. சோதனைக்காக அதையும் நிறுத்தியபோது மூன்றாவது கடிகாரம் வெளிப்பட்டது. ஏறக்குறைய அரை மணி நேரத்தில், கணினி ஒரு சொல்லும் சொல்லாமலே சிடி விளக்கு அணைந்தது. இதை அறுப்பது நம் கணினியன்று, இணையச் சேவை தருபவரின் முனை. அவர்களுடைய முகப்பில் விசாரித்ததில் உறுதிசெய்தார்கள். நாம் அழைக்கும்போது அங்கே ஒரு மோடம் நமக்காகவே ஒதுக்கப்படுகிறது. சந்தாதாரர்கள் எண்ணிக்கைக்கு ஈடாக மோடங்கள் இருப்பதில்லை. சும்மா பிடித்து வைத்திருப்பவரை விடுவித்தால்தான் அடுத்தவர் நுழைய முடியும். இந்த விளக்கத்தில் குறைகூற எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஆயினும் அந்த அரை மணி நேரத்தையும் ஏமாற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புதிய அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கும்படி அஞ்சல் செயலியை அமைத்தேன். ஒவ்வொரு முறையும் சிறிது தரவு போய்வருவதால் மறுமுனைக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். அது மிக நன்றாகவே வேலை செய்தது. ஒரு சனிக்கிழமை இரவு நான் திரையை மட்டும் அணைத்துவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட, ஞாயிறு காலை வரை மன்றத்தின் தொலைபேசி இணைப்பு நிமிடக் கட்டணத்தில் விழித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூடுதல் தொகையை நானே செலுத்தினேன். பொருளாளர் வாங்க மறுக்கவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பின் செயலவை எடுத்த முடிவுகளைச் சொல்கிறேன். மோடத்தின் கடிகாரம் நிறுத்தியபடியே இருக்கும். உலாவியின் இருபது நிமிடம் மீண்டும் இயங்கும், ஏனெனில் அது கேட்டுவிட்டுத்தான் அறுக்கிறது. அஞ்சலைத் தானாகப் பார்க்கும் ஏற்பாடு நீக்கப்பட்டது. சேவை தருபவரின் விதியோடு மல்லுக்கு நிற்பதில்லை. சும்மா இருத்தல் என்று இயந்திரம் கருதுவதும் நாம் கருதுவதும் ஒன்றல்ல என்பதுதான் இச்சிக்கலின் வேர். படிப்பவரும் எழுதுபவரும் உழைத்துக்கொண்டிருந்தாலும் கம்பியில் ஒன்றும் ஓடுவதில்லை. எனவே படிப்பதையும் எழுதுவதையும் கம்பிக்கு வெளியே கொண்டுவந்தோம். தேவையான பக்கங்களைத் திறந்து கணினியில் சேமித்து, தொடர்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்க ஆசிரியர்கள் பழகிக்கொண்டார்கள். கடிதம் எழுதுபவர்கள் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளில் முதலில் தட்டி முடித்து, பிறகே அழைத்து அனுப்புகிறார்கள். முன்னர்க் குறிப்பிட்ட அம்மையார் இப்போது இரண்டு மணி நேரம் எழுதுகிறார்; தொடர்பில் இருப்பது மூன்று நிமிடம்.

அகண்ட அலைவரிசை எனப்படும் அதிவேக இணையத்துக்கு மாறலாமே என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். இந்த 2003இல் அதுவும் இதே செப்புக்கம்பியில் வருவதுதான். தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு கூடக்கூட வலுவிழக்கும். நம் அறை அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதை விசாரித்த பின்னரே புதிய செயலவை முடிவெடுக்கலாம். இடிமழை தொடங்கியதும் மின்கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும் என்ற அறிவிப்பு சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. தொலைபேசிக் கம்பிக்கான இடிதாங்கிச் செருகி ஒன்று வாங்க இக்கூட்டத்தின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரங்களை அனுப்ப வேண்டியிருப்பதால், வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார். நோட்டுப் புத்தகம் மோடத்தின் அருகிலேயே இருக்கும். அதில் இன்னும் பதினேழு தாள்கள் மிச்சமுள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்